கேட்காமல் விட்ட கேள்வி: சான் டியாகோவின் ஏஸ் ஆய்வு

எடை குறையாதவர் கோபித்துக்கொண்டு சிகிச்சையை விட்டுவிட்டால் புரிந்துகொள்ளலாம். வாராவாரம் குறைந்துகொண்டே வருபவர் எதற்காகப் பாதியில் நின்றுவிடுகிறார்?

1985 வாக்கில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்தில் டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டியைக் குடைந்த கேள்வி இது. கைசர் பெர்மனென்டே என்ற பெரிய மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் நோய்த்தடுப்புப் பிரிவுக்கு அவர் அங்கே தலைவர். அவருடைய பிரிவு கடும் உடல் பருமனுக்கு ஒரு சிகிச்சைத் திட்டம் நடத்தியது. ஐந்து கிலோ, பத்துக் கிலோ குறைக்க ஆசைப்படுபவர்களுக்கான திட்டம் அல்ல. நாற்பது, ஐம்பது, நூறு கிலோ கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்தவர்களுக்கானது. திட உணவு கிடையாது. சத்துகள் சேர்த்த திரவ உணவு மட்டும், மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில். எடை மளமளவென்று இறங்கியது. ஆனால் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நடுவில் காணாமல் போனார்கள். அதிலும் நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே அதிகம் போனார்கள்.

ஒரு பெண்ணின் கதையை ஃபெலிட்டி பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். வரும்போது அவர் எடை 185 கிலோ. 51 வாரங்களில் 60 கிலோவுக்கு இறங்கினார். ஒரு முழு ஆளின் எடைக்கு மேல் இறங்கிப்போன கணக்கு. எல்லோரும் கொண்டாடினார்கள். சில வாரங்கள் அப்படியே இருந்தார். அப்புறம் மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறியது. அந்த வேகத்தில் ஏற முடியும் என்று ஃபெலிட்டி அதுவரை நினைத்ததே இல்லை. தூக்கத்தில் எழுந்து நடந்து சாப்பிடுகிறேன் போலிருக்கிறது, காலையில் பார்த்தால் சமையலறையில் பாத்திரங்கள் இறைந்து கிடக்கின்றன என்றார் அந்தப் பெண். எப்போது ஆரம்பித்தது என்று தோண்டித் தோண்டிக் கேட்டபோது, வேலை செய்யும் இடத்தில் தன்னைவிட வயதில் மூத்த, மணமான ஒருவர் தன்னிடம் தவறான நோக்கத்தோடு பேச்சுக்கொடுத்த நாளிலிருந்துதான் என்று வந்தது. அதற்கு இவ்வளவு பெரிய எதிர்வினையா? இன்னும் பின்னால் போனபோது, சிறுவயதில் அவருடைய தாத்தாவே அவரிடம் நடந்துகொண்ட விதம் வெளியே வந்தது.

மருத்துவராகி இருபது வருடத்துக்கு மேலான நிலையில், குடும்பத்துக்குள் நடந்த பாலியல் வன்முறை என்று தான் கேள்விப்பட்டது அதற்கு முன் ஒன்றே ஒன்றுதான் என்று ஃபெலிட்டி சொல்லியிருக்கிறார். அது அரிதான விஷயம் என்று நம்பியிருந்தவர் அவர். மருத்துவக் கல்லூரிகளும் அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தன.

சிகிச்சையை விட்டுப் போனவர்கள் 286 பேரை அவர் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினார். பிறந்தபோது எடை எவ்வளவு, பள்ளியில் சேர்ந்தபோது எவ்வளவு, எப்போது ஏற ஆரம்பித்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவார். இரண்டு விஷயங்கள் தட்டுப்பட்டன. இவர்கள் படிப்படியாகப் பருத்தவர்கள் அல்ல. ஒரு கட்டத்தில் திடீரென்று ஏறி, பிறகு பல வருடம் அதே எடையில் நின்றவர்கள். இரண்டாவது விஷயம் வாய் தவறி வந்தது. முதல் உடலுறவு எந்த வயதில் என்று கேட்க வேண்டிய இடத்தில், அப்போது எடை எவ்வளவு என்று ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டார். ‘நாற்பது பவுண்டு’ என்று பதில் வந்தது. 18 கிலோ. புரியாமல் இன்னொரு முறை கேட்டார். அதே பதிலைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் அழுதார். அப்போது அவருக்கு நான்கு வயது.

கேள்வி சரியாக வந்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நழுவிய வார்த்தை ஒன்று பூட்டைத் திறந்துவிட்டது. அந்த 286 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். பருமன் அவர்களுக்கு நோயாகவே தெரியவில்லை; ஒரு வேலி மாதிரி இருந்தது. 23 வயதில் வன்புணர்வுக்கு ஆளாகி, அடுத்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய 48 கிலோ ஏறிய ஒரு பெண், பருமனாக இருப்பவளை யாரும் கவனிப்பதில்லை, எனக்கு வேண்டியதும் அதுதான் என்ற பொருளில் சொன்னார். எடை குறைந்த பிறகு வேலைக்குப் போகவே பயமாக இருக்கிறது என்று சொன்ன இரண்டு சிறைக்காவலர்களும் ஃபெலிட்டியின் நோயாளிகளில் இருந்தார்கள். வேலியைப் பிடுங்கிவிட்டு, ஏன் மறுபடி நடுகிறாய் என்று மருத்துவமனை கேட்டுக்கொண்டிருந்தது.

அட்லாண்டாவில் விழுந்த அடி

1990இல் அட்லாண்டாவில் நடந்த உடல் பருமன் ஆய்வாளர்கள் கூட்டத்தில் ஃபெலிட்டி இதைச் சொன்னார். வரவேற்பு மோசம். தோற்றுப்போன வாழ்க்கைக்குச் சாக்காக நோயாளிகள் கட்டிவிடும் கதைகளை நம்பலாமா என்று கூட்டத்திலிருந்தே ஒருவர் எழுந்து கேட்டாராம். இந்த மாதிரிக் கேலியை இப்போது படிக்கும்போது கோபம் வரும். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: அன்று ஃபெலிட்டி கையில் இருந்தது ஒரே மருத்துவமனையின், தானாகத் தேடி வந்த, பருமனான நோயாளிகளின் பேச்சு மட்டுமே. நோயாளிகள் பொய் சொன்னார்கள் என்பது அபத்தம். ஆனால் இதை வைத்து ஊர் முழுக்க இப்படித்தான் என்று சொல்ல முடியாது என்பது நியாயமான எதிர்ப்பு.

அந்த எதிர்ப்பை மரியாதையோடு சொன்னவர் அன்று இரவு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெயர் டேவிட் வில்லியம்சன், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் தொற்றுநோயியல் ஆய்வாளர். நீங்கள் சொல்வது உண்மையாக இருந்தால் மிகப் பெரிய விஷயம். ஆனால் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார் அவர். அவர் வழியாக அதே மையத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆண்டா அறிமுகமானார். நம்பிக்கையிழப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்துகொண்டிருந்தவர் ஆண்டா. இந்தக் கூட்டணியில் பிறந்ததுதான் ஏஸ் ஆய்வு. சிறுவயதில் நேர்ந்த பாதகமான அனுபவங்கள் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது.

எப்படிக் கேட்டார்கள்

ஆயிரக்கணக்கானவர்களைத் தேடி எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. கைசரின் சான் டியாகோ பரிசோதனை மையத்துக்கு வருடத்துக்கு 45,000 பேருக்கு மேல் முழு உடல் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். பரிசோதனை முடிந்து போனவர்களுக்குச் சில நாள் கழித்துத் தபாலில் ஒரு கேள்வித்தாள் போயிற்று. 1995-96இல் ஒரு சுற்று, 1997இல் இன்னொன்று. முதல் சுற்றில் 13,494 பேருக்கு அனுப்பியதில் 9,508 பேர், அதாவது 70 சதவீதத்துக்கு மேல், பதில் எழுதினார்கள். இரண்டு சுற்றும் சேர்த்து 17,000 பேருக்கு மேல்.

யார் இவர்கள் என்பது முக்கியம். சேரிவாசிகள் அல்ல, வேலையற்றவர்கள் அல்ல. நல்ல மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். முக்கால்வாசிப் பேர் வெள்ளையர்கள், முக்கால்வாசிப் பேர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், சராசரி வயது 55ஐத் தாண்டியது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற அதிகாரி, அவர் மனைவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயதுக்கு முன் என்னென்ன நடந்தது என்பதே கேள்வி. முதலில் ஏழு வகை, பிறகு பத்து. அடி, வசவும் அவமதிப்பும், பாலியல் வன்முறை, வயிற்றுக்கும் உடுப்புக்கும் கவனிப்பு இல்லாமை, அன்பான கவனிப்பு இல்லாமை. இவை பிள்ளைக்கு நேராக நடப்பவை. மற்ற ஐந்தும் வீட்டின் நிலை: அம்மா அடிவாங்குவதைப் பார்த்தது, வீட்டில் குடியோ போதைப்பொருளோ இருந்தது, மனநோயோ தற்கொலை முயற்சியோ இருந்தது, யாராவது சிறைக்குப் போனது, பெற்றோர் பிரிந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஆம் என்றால் ஒரு மதிப்பெண். எத்தனை தடவை நடந்தது என்பது கணக்கில் இல்லை. அம்மாவை ஒரு வருடம் அடித்த வீட்டுக்கும் பதினைந்து வருடம் அடித்த வீட்டுக்கும் அதே ஒன்றுதான். கூட்டினால் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். ஏஸ் எண். இந்த எண்ணின் எளிமைதான் ஆய்வை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அதனால் வந்த வினையைப் பிறகு பார்க்கலாம்.

என்ன கிடைத்தது

1998 மே மாதம் முதல் கட்டுரை வெளியானது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் குறைந்தது ஒரு வகையாவது நடந்ததாகச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் இரண்டு அல்லது அதற்கு மேல். பிறகு பத்து வகையாக விரித்து முழு ஆட்களையும் கணக்கிட்டபோது, ஒன்றாவது நடந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கினார்கள். எட்டில் ஒருவருக்கு நான்கு அல்லது அதற்கு மேல். காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் நடுத்தர வர்க்கத்தின் கதவுக்குப் பின்னால் இருந்தது இது. தரவு வந்து குவிந்தபோது, இப்படி ஓர் அமெரிக்காவில் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று தெரியாமல் போயிற்றே என்று அழுததாக ஆண்டா பின்னாளில் சொன்னார்.

இந்த அனுபவங்கள் தனித்தனியாக வருவதில்லை என்பதும் தெரிந்தது. ஒன்று இருந்த வீட்டில் இன்னொன்றும் இருந்தது. அப்பா குடித்தால் அம்மா அடிவாங்குகிறார், பிள்ளை வசவு வாங்குகிறது, வீட்டில் யாருக்கும் யாரையும் கவனிக்க நேரமில்லை. இது தெரிய ஆய்வு எதற்கு என்று நம்மூர் ஆசிரியை எவரும் கேட்பார். சரிதான். ஆனால் அதுவரை வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அடியைத் தனியாக, குடியைத் தனியாக எடுத்துப் பார்த்தவை.

அடுத்தது படிக்கட்டு. எண் ஏற ஏற நோயும் படிப்படியாக ஏறியது. நான்கு அல்லது அதற்கு மேல் மதிப்பெண் உள்ளவர்களைப் பூஜ்யக்காரர்களோடு ஒப்பிட்டால், வயது, படிப்பு போன்றவற்றின் பாதிப்பைக் கழித்த பிறகும், நாள்பட்ட நுரையீரல் நோய் ஏறக்குறைய நான்கு மடங்கு, இதய ரத்தக்குழாய் நோய் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், பக்கவாதம் இரண்டு மடங்குக்கு மேல், குடிநோய் ஏழு மடங்குக்கு மேல், தற்கொலை முயற்சி பன்னிரண்டு மடங்கு.

மடங்குக் கணக்கைப் பார்த்தவுடன் நெஞ்சு பதறுகிறது. பின்னாலுள்ள சதவீதத்தையும் பார்க்க வேண்டும். தற்கொலைக்கு எப்போதாவது முயன்றவர்கள் பூஜ்யக்காரர்களில் 1.2 சதவீதம், நான்கு அல்லது அதற்கு மேல் உள்ளவர்களில் 18.3 சதவீதம். பயங்கரமான வித்தியாசம். ஆனால் அந்த நான்குக்காரர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் முயலவே இல்லை. இன்றைக்குப் புகைப்பவர்கள் 6.8 சதவீதத்திலிருந்து 16.5 ஆகிறார்கள். இதய நோய் 3.7இலிருந்து 5.6, அதிக மதிப்பெண் உள்ளவர்கள் வயதில் இளையவர்களாக இருந்ததால், வயதைச் சரிக்கட்டும்போதுதான் அது இரண்டு மடங்காகத் தெரிகிறது. மடங்கு, மக்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அது அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையில் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல இருக்கிறதென்றால் அது இதுதான், திரும்ப வருகிறேன்.

2009இல் வந்த இன்னொரு கட்டுரையிலிருந்து ஒரு வரி எங்கே பார்த்தாலும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஆறு அல்லது அதற்கு மேல் ஏஸ் எண் உள்ளவர்களின் ஆயுள் 20 வருடம் குறைவு என்று. அந்தக் கட்டுரையில், தொடர்ந்து கவனித்த காலத்துக்குள் இறந்துபோனவர்களில் ஆறுக்காரர்கள் சராசரியாக 60.6 வயதிலும் பூஜ்யக்காரர்கள் 79.1 வயதிலும் இறந்ததாக இருக்கிறது. ஆனால் அதிகமாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள். ஆய்வு முடிவதற்குள் அவர்களில் இறப்பவர் யாரானாலும் இளவயதில்தானே இறந்திருக்க முடியும்? வயதைச் சரிக்கட்டிய கணக்கு வேறு: 65 வயதுக்குள் இறக்கும் ஆபத்து 2.4 மடங்கு. அதுவும் சின்ன விஷயம் இல்லை. இருபது வருடம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிறுத்துங்கள்.

உடலுக்குள் எப்படி இறங்குகிறது

இரண்டு வழி. ஒன்று வெளிப்படையானது. காயப்பட்டவர் புகைக்கிறார், குடிக்கிறார், அளவில்லாமல் சாப்பிடுகிறார். அதனால் நுரையீரலும் கல்லீரலும் இதயமும் கெடுகின்றன. ஆனால் ஃபெலிட்டி இதைச் சொல்லும் விதமே வேறு. நிகோடினுக்குப் பதற்றத்தைத் தணிக்கும் குணம் உண்டு. நாம் பிரச்சினை என்று பார்க்கும் சிகரெட், புகைப்பவருக்கு உள்ளே எரியும் ஒன்றுக்கு மருந்தாக இருக்கிறது. பெட்டியின் மேல் புற்றுநோய்ப் படம் போட்டாலும் விடாதவரை முட்டாள் என்று திட்டுவதில் பயன் இல்லை. அந்த மருந்து எந்த வலிக்கு என்று கேட்க வேண்டும். எடை குறைந்த பெண் திரும்ப ஏறியது போலத்தான் இதுவும்.

இரண்டாவது வழி பழக்கங்களைத் தாண்டியது. அதே 17,000 பேரின் இதய நோயை 2004இல் தனியாக எடுத்துப் பார்த்தபோது, புகையும் பருமனும் சர்க்கரையும் விளக்கியதைவிட மனச்சோர்வும் கோபமும் அதிகம் விளக்கின. உடலில் அபாய மணி அடித்தால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, அழற்சி அணுக்கள் தயாராகின்றன. ஆபத்து போனதும் எல்லாம் அடங்க வேண்டும். பால் பொங்கும்போது ஓடிவந்து அடுப்பைத் தணிக்க ஒரு கை வேண்டும். குழந்தைக்கு அந்தக் கை பெரியவருடையது. அந்தப் பெரியவரே தீயை ஏற்றுபவராக இருந்தால்? பாலும் அடிபிடிக்கும், பாத்திரமும் கெடும். நியூசிலாந்தின் டுனிடின் நகரத்தில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானதாகப் பதிவானவர்களின் ரத்தத்தில், அவர்களுக்கு 32 வயதாகும்போது அழற்சியைக் காட்டும் புரதம் கூடுதலாக இருந்தது. வேறு காரணங்களைக் கழித்த பிறகும் அது நின்றது.

டுனிடினுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. அங்கே நடந்ததை நடக்கும்போதே எழுதிவைத்தார்கள். சான் டியாகோவில் 57 வயதுக்காரரை அவருடைய ஏழு வயதை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நினைவு ஒரு சாட்சிதான். ஆனால் எப்படிப்பட்ட சாட்சி? 2019இல் ஆய்வாளர் ஜெசி பால்ட்வின் குழு 16 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தது. சிறுவயதிலேயே கொடுமை பதிவானவர்களில் பாதிப்பேர், வளர்ந்த பிறகு கேட்டபோது அதைச் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு சொன்னவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குப் பழைய பதிவு இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வீட்டின் இரண்டு புகைப்படங்களை வேறு வேறு ஜன்னல் வழியாக எடுத்த மாதிரி. டுனிடினில் இரண்டு வகை அளவையும் வைத்துப் பார்த்தபோது இரண்டுமே பிற்கால உடல்நலத்தோடு தொடர்பு காட்டின. ஆனால் எனக்கு உடம்பு சரியில்லை என்று தாங்களே சொல்லும் விஷயத்தில் நினைவு அதிகத் தொடர்பைக் காட்டியது. ரத்தத்தையும் ரத்த அழுத்தத்தையும் அளந்தபோது அது இளைத்தது. ஆகவே 1998இன் மடங்குகளில் கொஞ்சம் காற்றும் இருக்கிறது. அடித்தளம் மட்டும் நிற்கிறது.

பத்துக் கேள்விகளில் இல்லாதது

வறுமை இல்லை. பத்திலும் எங்கேயும் இல்லை. தெருச் சண்டை இல்லை, பள்ளியில் மற்ற பிள்ளைகள் படுத்தும் பாடு இல்லை, இனவெறி இல்லை, போர் இல்லை. காப்பீடு உள்ள சான் டியாகோ வெள்ளையரிடம் கேட்கும்போது இவை தோன்றாமல் போனதில் வியப்பில்லை. பிறகு வந்தவர்கள் சேர்த்தார்கள். பிலடெல்பியாவில் 2012-13இல் 1,784 பேரிடம் கேட்டபோது இனப் பாகுபாடு, சுற்றுவட்ட வன்முறை, சக பிள்ளைகளின் கொடுமை எல்லாம் பட்டியலில் ஏறின. உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளுக்காகச் செய்த கேள்வித்தாளில் போரும் கலவரமும் உண்டு.

போரைப் பற்றிப் பேசும்போது ஓர் ஈழத்து ஆய்வைச் சொல்லாமல் போக முடியாது. 2004 சுனாமி முடிந்த சில வாரங்களில், இலங்கையின் வடகிழக்கில் 9 முதல் 15 வயதுக்குள்ளான 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நேரில் கண்டு பேசினார்கள். பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் போரைப் பார்த்திருந்தார்கள். பத்தில் மூவருக்கு மன அதிர்ச்சி நோய். ஆய்வாளர்களையே நிறுத்தியது வேறொன்று: 95 சதவீதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குள் ஏதாவது ஒரு வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். அப்பாவின் குடியும் போர் அனுபவமும் கூடக் கூட வீட்டு வன்முறையும் கூடியது. ஷெல் வெளியே விழுந்தது. அதன் அதிர்வு வீட்டுக்குள் வந்து கையாக மாறியது. போரையும் வீட்டையும் தனித்தனிக் கட்டங்களில் போட்டு ஒவ்வொரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் முறைக்கு இந்தப் பிணைப்பு அகப்படாது.

எண் ஜோசியமான கதை

சரி, வினைக்கு வருவோம். பத்துக் கேள்வி, ஒரு மொத்தம். யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம். போட்டுப் பார்த்தார்கள். ‘என் எண் ஏழு’ என்று ரத்த வகையைச் சொல்வது போலச் சொல்லும் ஆட்கள் உருவானார்கள். 2019இல் கலிபோர்னியா மாநிலத்தின் முதல் தலைமை மருத்துவ அதிகாரியாக வந்த குழந்தை மருத்துவர் நாடின் பர்க் ஹாரிஸ் இதைக் கொள்கையாக்கினார். 2020 ஜனவரியிலிருந்து, அரசு மருத்துவ உதவித் திட்டத்தில் உள்ளவர்களிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டு எண் குறிக்கும் மருத்துவருக்கு ஒரு தடவைக்கு 29 டாலர். பர்க் ஹாரிஸின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமில்லை. சான் பிரான்சிஸ்கோ போன்ற பணக்கார நகரத்தின் ஏழைப் பேட்டையான பேவியூவில் குழந்தைகளைப் பார்த்தவர் அவர். ஆனால் எண் ஒரு தனி ஆளின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுமா?

சொல்லாது என்றது 2021இல் வந்த இன்னொரு கட்டுரை, அதே பால்ட்வின் குழுவினுடையது. டுனிடின் ஆட்களை வைத்து, ஏஸ் எண்ணை மட்டும் பார்த்து 45 வயதில் யாருக்கு நோய் வரும், யாருக்கு வராது என்று பிரிக்க முடிகிறதா என்று சோதித்தார்கள். காசு சுண்டிப் போடுவதைவிடச் சற்றே மேல். அதற்கு முந்தைய வருடமே ராபர்ட் ஆண்டா, ஆமாம், ஆய்வைத் தொடங்கிய அதே ஆண்டா, சக ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதியிருந்தார்: இந்த எண் மக்கள் தொகையை ஆராயச் செய்யப்பட்டது, தனி ஒருவரின் ஆபத்தை அளக்கவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ செய்யப்பட்டதல்ல. ஒரே எண் உள்ள இரண்டு பேரின் வாழ்க்கை அனுபவம் முழுக்க வேறாக இருக்கலாம். எண் எத்தனை முறை, எவ்வளவு காலம், எந்த வயதில் என்பதைச் சொல்வதில்லை. கூடவே யார் இருந்தார் என்பதையும் சொல்வதில்லை. பாட்டி இருந்தாளா? ஒரு வாத்தியார்?

பாட்டியோ வாத்தியாரோ இருந்தால் உடம்பில் வித்தியாசம் தெரியுமா என்பதற்கு நேரடிச் சான்று கிடைப்பது கஷ்டம். கிட்டே வருவது வடக்கு கரோலினா மாநிலத்தின் அபெசிடேரியன் திட்டம். 1972 முதல் 1977 வரை பிறந்த, மிகவும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 111 குழந்தைகள். குலுக்கிப் போட்டு ஒரு பாதியை, பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்து வயது வரை, நாள் முழுக்கக் கவனிக்கும் பாலர் மையத்தில் சேர்த்தார்கள். உணவும் மருத்துவக் கவனிப்பும் அங்கேயே. நோக்கம் படிப்பு, யாரும் ரத்த அழுத்தத்தை நினைக்கவே இல்லை. முப்பதுகளின் நடுவில் அழைத்துப் பரிசோதித்தபோது, மையத்தில் வளர்ந்த ஆண்களின் மேல் ரத்த அழுத்தம் சராசரி 126, வளராதவர்களுக்கு 143. பெண்களிடம் இவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை, ஆட்களும் கொஞ்சம்தான். இருந்தாலும் குலுக்கல் முறை என்பதால் இந்த எண்ணை நான் மற்ற பல பெரிய எண்களைவிட மதிக்கிறேன். தினமும் தூக்கிக் கொஞ்சி, சோறூட்டி, பேசிய கைகள் முப்பது வருடம் கழித்து ரத்தக்குழாயில் தெரிந்தன.

மறுபடி சான் டியாகோவுக்கு. ஆய்வு முடிந்ததும் ஃபெலிட்டி தன் மையத்தில் எண் போடுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருபவர்கள் வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு வரும் நீண்ட மருத்துவப் படிவத்தில், சர்க்கரை, அறுவை சிகிச்சை, ஒவ்வாமை என்ற கேள்விகளோடு இந்தக் கேள்விகளையும் சேர்த்தார். ஆம் என்று குறித்திருந்தால் மருத்துவர் சொல்ல வேண்டியது ஒன்றே: ‘இப்படி நடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிற்காலத்தில் உங்களை எப்படிப் பாதித்தது, சொல்லுங்கள்.’ அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பல மருத்துவர்கள் பயந்தார்கள்: நோயாளிகள் உடைந்து அழுவார்கள், ஒரு மணி நேரம் போய்விடும், புகார் வரும். அப்படியெல்லாம் நடக்கவில்லை. கேட்கப்பட்டவர்கள் அடுத்த வருடம் மருத்துவரிடம் வருவது 35 சதவீதம் குறைந்தது என்று ஃபெலிட்டி சொல்லிவந்தார். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத கணக்கு அது. அதைத் தூணாக வைத்துக் கட்டடம் கட்ட மாட்டேன். நம்மூர் ஓபியில் இரண்டு நிமிடத்துக்கு ஓர் ஆளைப் பார்க்கும் மருத்துவர் இதை எப்போது கேட்பது என்பதும் நியாயமான கேள்விதான்.

அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போன ஒரு மூதாட்டி பிறகு ஃபெலிட்டிக்குக் கடிதம் எழுதினார். கேட்டதற்கு நன்றி என்று தொடங்கி அவர் எழுதியது இவ்வளவுதான்: என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாமலே செத்துப்போய்விடுவேனோ என்று பயந்துகொண்டிருந்தேன்.